சப்வூஃபரைத் திட்டுவதற்கு முன்



மலாக்கா மாநிலத்தில் நம்மவர் கூடும் இடங்களில் அடிக்கடி எழும் குறை ஒன்று உண்டு. மகிழுந்தின் பின்புறத்தில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியை வைத்துக்கொண்டு, வீட்டுச் சன்னல்கள் அதிரும்படி பாட்டுப் போட்டுச் செல்லும் இளைஞர்களைப் பற்றிய குறை அது. அலோர் காஜாவிலும் கேட்டிருக்கிறேன். ஜாசினிலும் மெர்லிமாவிலும் கேட்டிருக்கிறேன். "சம்பாதிப்பதையெல்லாம் காடியிலேயே கொட்டுகிறான்" என்பார் ஒருவர். "பாட்டில் இருக்கும் அக்கறை படிப்பில் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பான்" என்பார் மற்றொருவர். நாம் ஆசிரியர்களும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

குறை நியாயமானதே. இரவு வேலை முடிந்து உறங்குபவருக்கும், கைக்குழந்தையைத் தூங்கவைத்த தாய்க்கும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அந்த அதிர்வு பெருந்தொல்லை. ஆயினும் திட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா என்பதே என் கேள்வி. அந்தப் பெட்டியை ஒழுங்காக அமைக்க வேண்டுமானால் அதிர்வெண், அலைநீளம், டெசிபல், மின்தடை ஆகியவை தெரிந்திருக்க வேண்டும். இவை யாவும் பள்ளியில் கற்பிக்கப்படும் அறிவியல் அல்லவா? 'வீண் வேலை' என்று நாம் ஒதுக்கும் ஒன்றின் வழியாக நம் பிள்ளைகள் தாமாகவே அறிவியலின் வாசல்வரை வந்து நிற்கிறார்கள். அவர்களை உள்ளே அழைக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு முதலில் அந்தக் கருவியைப் பற்றி நாம் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

தோட்டத்திலிருந்து வரிசை வீட்டுக்கு

மலாக்காவில் வாணிக நோக்கில் ரப்பர்ப் பயிர் தொடங்கியது 1896-இல், டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் மரங்களை நட்டபோது. அதன்பின் பெருகிய தோட்டங்களில்தான் நம் முன்னோர் பலரும் வாழ்ந்தனர். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கி கட்டினால் அந்த ஒலி எல்லார்க்கும் பொது. பாட்டு யாருடையது என்று கேட்பார் இல்லை. இன்று ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை நிற்கிறது. குடும்பங்கள் பலவும் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டன. வரிசை வீடுகளில் ஒரு சுவர் இரண்டு குடும்பங்களுக்குப் பொது. ஒருவர் வாசலில் எழும் ஒலி அடுத்தவர் படுக்கையறையில் கேட்கிறது.

வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வர மகிழுந்தோ மோட்டார் சைக்கிளோ இன்றி முடியாத நிலையும் நம் மாநிலத்தில் பல இடங்களில் இருக்கிறது. சிறிய வீட்டில் தம்பி தங்கைகளோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் ஓர் இளைஞனுக்கு, 'இது என்னுடையது' என்று சொல்ல முதலில் அமைவது ஒரு பழைய மைவியோ சாகாவோதான். அதில் அவன் இசையை வைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

சன்னலைத் தாண்டி வருவது எது?

மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது. அதாவது நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை. இதில் அடிப்பகுதியில் உள்ள 20 முதல் 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் வரையான தாழொலியை மட்டும் எழுப்புவதற்கென்றே செய்யப்பட்டது சப்வூஃபர். உருமியின் உறுமலும் தவிலின் தொப்பிப் பக்கமும் பேஸ் கித்தாரின் அடித்தந்தியும் தருகின்ற கனத்தில் பெரும்பங்கு இந்தப் பகுதியையும் இதற்குச் சற்று மேலுள்ள பகுதியையும் சேர்ந்தது. பேஸ் கித்தாரின் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது.

நம் நாட்டு வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். அதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 3,500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 10 சென்டிமீட்டர். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4.4 மீட்டர்; அதாவது ஒரு மைவியின் நீளத்தையும் மிஞ்சியது. 20 ஹெர்ட்ஸ் என்றால் 17.5 மீட்டர்.

கண்ணாடியும் கதவும் சுவரும் உச்சவொலியை நன்றாகத் தடுத்துவிடும். தாழொலியை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க இயலாது. ஆகவே உள்ளே அமர்ந்திருப்பவனுக்கு முழுப் பாட்டும் கேட்கிறது. பாடகரின் குரலும் குழலும் மகிழுந்துக்குள்ளேயே தங்கிவிட, 'டும் டும்' என்பது மட்டும் நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. அவன் கேட்டு மகிழும் பாட்டை நாம் கேட்பதே இல்லை. இந்த உண்மையை அவனுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறோமா? வண்டியை நிறுத்தி, பாட்டை ஓடவிட்டு, கதவுகளைச் சாத்திவிட்டு வெளியே பத்தடி தள்ளி நின்று கேட்கச் சொன்னால் அவனே புரிந்துகொள்வான். பத்து நிமிடம் திட்டுவதைவிட அந்த ஒரு நிமிடம் பயன் தரும்.

கிராஸோவர் என்னும் பங்கீடு

ஒரே ஒலிபெருக்கி எல்லா அதிர்வெண்ணையும் செம்மையாக எழுப்ப முடியாது. ஒரே அளவு ஒலியை எழுப்ப, அதிர்வெண் பாதியாகக் குறையும்போது ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்பின் அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்கு ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்றால் 40 ஹெர்ட்ஸுக்கு நான்கு மில்லிமீட்டர் அசைய வேண்டும். கதவில் பொருத்திய ஆறரை அங்குல ஒலிபெருக்கி இதைத் தாங்காது, பிதற்றத் தொடங்கிவிடும். அப்படிப் பிதற்றும்போது அதே கூம்பு எழுப்ப வேண்டிய பாடகர் குரலும் கெடுகிறது.

இதனால்தான் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் வடிகட்டிகள் தேவைப்படுகின்றன. குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே உள்ள ஒலியை மட்டும் விடுவது 'லோ பாஸ்'; இது சப்வூஃபருக்கு. அந்த எல்லைக்கு மேலே உள்ளதை மட்டும் விடுவது 'ஹை பாஸ்'. இது கதவு ஒலிபெருக்கிகளுக்கு. இரண்டும் சேர்ந்து ஒலியைப் பங்கிடும் ஏற்பாட்டையே கிராஸோவர் என்கிறார்கள். எல்லை எங்கே என்பதை ஆம்ப்ளிஃபயரில் உள்ள சிறு திருகினாலோ, முன்பலகையில் உள்ள பிளேயரின் பட்டியலிலோ அமைக்கலாம்.

எல்லைக்கோடு கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது. ஒரு சரிவாக இருக்கும். இங்கே நம் இசைத் தமிழ் கைகொடுக்கிறது. மெலிவு, சமன், வலிவு என மூன்று மண்டிலங்களை நம் முன்னோர் வகுத்தனர். ஒரு மண்டிலம் ஏறினால் அதிர்வெண் இரு மடங்காகும். ஆங்கிலத்தில் ஆக்டேவ் என்பது இதுவே. வடிகட்டியில் '12 டெசிபல்' என்று எழுதியிருந்தால், எல்லையைத் தாண்டி ஒவ்வொரு மண்டிலம் விலகும்போதும் ஒலி 12 டெசிபல் குறையும் என்று பொருள். 80 ஹெர்ட்ஸில் எல்லை வைத்தால் 160 ஹெர்ட்ஸில் மின்னழுத்தம் நான்கில் ஒரு பங்காகவும் திறன் பதினாறில் ஒரு பங்காகவும் குறைந்திருக்கும். '24 டெசிபல்' என்றால் மின்னழுத்தம் பதினாறில் ஒரு பங்கு, திறன் 256-இல் ஒரு பங்கு. 1976-இல் சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்னும் இரு பொறியாளர்கள், இரு பக்கத்து ஒலியும் எல்லையில் மேடு பள்ளம் இன்றிச் சேரும் வடிகட்டி முறை ஒன்றை வெளியிட்டனர். இன்றும் பல கருவிகளில் இவ்விருவர் பெயராலேயே அது குறிக்கப்படுகிறது.

எல்லையை ஏன் 80 ஹெர்ட்ஸில் வைக்க வேண்டும்? ஆடவர் பேச்சுக்குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆடவரின் சட்சம் ஏறத்தாழ 130 ஹெர்ட்ஸ். சப்வூஃபரின் எல்லையை 150 வரை ஏற்றிவிட்டால் பாடகரின் குரலில் ஒரு பகுதி பின்பெட்டியிலிருந்து வரத் தொடங்கும். அதோடு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை நம் செவியால் எளிதில் சொல்ல முடியாது. திரையரங்கு ஒலிக்குத் தரம் வகுக்கும் டிஎச்எக்ஸ் அமைப்பும் வீட்டுத் திரையரங்குகளுக்கு 80 ஹெர்ட்ஸையே எல்லையாகப் பரிந்துரைத்தது.

என் முன்னாள் மாணவர் ஒருவர் கார் அக்செசரி கடை ஒன்றில் வேலை செய்கிறார். பள்ளியில் அறிவியலில் பின்தங்கியவர் என்று பெயர் பெற்றவர். அவர் என்னிடம் சொன்னது: "சார், நல்லா செட் பண்ணுனா பின்னால பாக்ஸ் இருக்கிறதே தெரியாது. பேஸ் எல்லாம் முன்னால இருந்து வர்ற மாதிரி இருக்கும். பின்னால இருந்து இடிக்குதுன்னா செட்டிங் சரியில்லைன்னு அர்த்தம்." திசையறியும் திறன் பற்றிய ஓர் அறிவியல் உண்மையை இதைவிடத் தெளிவாக நான் வகுப்பில் விளக்கியிருப்பேனா என்பது ஐயமே.

பெரும்பாலும் காணப்படும் பிழைகள்

அந்த மாணவரும் அவரைப் போன்ற மற்றவரும் சொல்வதைத் தொகுத்தால், தொல்லைக்குக் காரணமான பிழைகள் ஒரு சிலவே.

முதலாவது, கதவு ஒலிபெருக்கிகளுக்கு ஹை பாஸ் வைக்காமல் விடுவது. அவை தாழொலியைச் சுமந்து பிதற்றுகின்றன. பாடல் வரிகள் தெளிவாகக் கேட்கவில்லை என்று இளைஞன் ஒலியளவை ஏற்றுகிறான். சப்வூஃபரும் சேர்ந்து ஏறுகிறது. இரண்டாவது, லோ பாஸ் எல்லையை 120, 150 என்று உயரத்தில் விடுவது. இரு பக்கமும் ஒரே ஒலியை எழுப்புவதால் அங்கே ஒரு மேடு உண்டாகி, எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி 'பூம் பூம்' என்று கேட்கிறது. மூன்றாவது, பேஸ் பூஸ்ட் திருகை முழுவதும் ஏற்றிவைப்பது.

இந்த மூன்றாவது பிழை மகிழுந்தில் தேவையே இல்லாதது. மகிழுந்தின் உள்ளறை சிறியது. ஒலியின் அரை அலைநீளம் அந்த அறையின் நீளத்தைத் தாண்டும்போது, ஏறத்தாழ 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அறையே தாழொலியைக் கூட்டிக் கொடுக்கும். இயற்கை இலவசமாகத் தருவதற்கு மேல் பூஸ்ட்டையும் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் திணறும். சப்வூஃபரின் சுருள் சூடேறிக் கருகும். வீட்டுக்காரர் உறக்கமும் கெடும்.

அமைக்கும் முறை

பெற்றோர் தம் பிள்ளையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அமர்ந்து செய்து பார்க்கக்கூடிய முறை இது. ஒரு மணி நேரம் போதும்.

1. பேஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஈக்குவலைசர் எல்லாவற்றையும் சுழிக்குக் கொண்டுவருக. ஒலி அமைப்பு அதன் இயல்பில் இருக்கட்டும்.

2. கதவு ஒலிபெருக்கிகளுக்கு ஹை பாஸை 80 ஹெர்ட்ஸில், 12 டெசிபல் சரிவில் வைக்க. நான்கு அங்குல அளவிலான சிறிய ஒலிபெருக்கியாக இருந்தால் 100 அல்லது 120.

3. சப்வூஃபருக்கு லோ பாஸை 80 ஹெர்ட்ஸில் வைக்க. பிளேயரில் ஒன்று, ஆம்ப்ளிஃபயரில் ஒன்று என இரண்டு இடத்தில் வடிகட்டி வைக்கலாகாது. ஒரே எல்லையில் இரண்டும் வேலை செய்தால் சரிவு இரட்டிப்பாகி நடுவில் பள்ளம் விழும். ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றொன்றை நிறுத்திவிடுக.

4. பெட்டியில் துளைக் குழாய் இருந்தால் 'சப்சோனிக்' வடிகட்டி கட்டாயம் தேவை. பெட்டியை எந்த அதிர்வெண்ணுக்கு இசைவித்துச் செய்தார்களோ, அதற்குச் சற்றுக் கீழே அதை வைக்க வேண்டும். அதற்குக் கீழான அதிர்வெண்ணில் கூம்பைத் தாங்கிப்பிடிக்கப் பெட்டிக் காற்றின் எதிர்ப்பு இருக்காது. கூம்பு கட்டுப்பாடின்றி அசைந்து பழுதாகும். முழுதும் மூடிய பெட்டிக்கு இந்த அச்சம் குறைவு.

5. 'கெயின்' என்பது ஒலியளவுத் திருகு அன்று. பிளேயரிலிருந்து வரும் மின்னழுத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு. பிளேயரின் ஒலியளவை முக்கால் பங்குக்கு ஏற்றி, கெயினை மெல்லக் கூட்டி, ஒலி பிதற்றத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுக் குறைத்து நிறுத்துக. பிறகு சப்வூஃபரின் அளவைப் பிளேயரில் குறைத்துச் சமன் செய்க.

6. கடைசியாக 'ஃபேஸ்' விசை. 0, 180 என்று இரு நிலை இருக்கும். கூம்புகள் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுத்தால் ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். 12 டெசிபல் சரிவுள்ள லோ பாஸும் ஹை பாஸும் எல்லை அதிர்வெண்ணில் 180 பாகை மாறுபட்டே நிற்கும். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, தாழொலி நிறைந்த பாட்டை ஓடவிட்டு, இரு நிலையிலும் கேட்டு, எதில் ஒலி நிறைவாக இருக்கிறதோ அதில் வைக்க. இதற்குக் காசு செலவில்லை. ஆனால் பலர் தொடாமலேயே விடும் விசை இதுதான்.

பின்னர் கேட்டுக் கேட்டுத் திருத்த வேண்டும். மேடாகத் தெரிந்தால் லோ பாஸை 70-க்கு இறக்கலாம். மைவி போன்ற வண்டிகளில் பின்பெட்டியும் பயணிகள் அறையும் ஒரே காற்றுவெளி. சாகா போன்ற வண்டிகளில் பின்னிருக்கை நடுவே நிற்கிறது. ஆகவே ஒன்றுக்குப் பொருந்திய அளவு மற்றொன்றுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. வண்டியின் எண்பலகையும் பின்மூடியும் கிலுகிலுப்பதை நிறுத்த அதிர்வு தாங்கும் ரப்பர்த் தகடு ஒட்டினால், வெளியே கேட்கும் இரைச்சலும் குறையும்.

வடிகட்டி தீர்க்காதது

வடிகட்டியைச் சரியாக வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு ஒழுங்காக அமைத்தாலும் நள்ளிரவில் உச்ச அளவில் ஓடவிட்டால் அண்டை வீடு அதிரவே செய்யும். ஒலியளவு என்பது ஒழுக்கம் சார்ந்தது. அதைத் திருகினால் கற்பிக்க முடியாது. வீட்டில்தான் கற்பிக்க வேண்டும். ஆனால் பாடல் வரிகள் தெளிவாகக் கேட்கும் வண்டியில் ஒலியை ஏற்ற வேண்டிய தேவை குறைகிறது. அந்த அளவில் வடிகட்டி நமக்குத் துணை.

செவி நலமும் கருதத்தக்கது. 2019-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த வேலையிட இரைச்சல் விதிமுறைகளின்படி, ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு எட்டு மணி நேர அளவில் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலுக்கு ஆளாகக் கூடாது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது கால் மணி நேரமே. இசை கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதாகும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் மனிதச் செவியின் இயல்புக்கேற்பத் தாழொலியைக் கழித்தே அளவு காட்டுகின்றன. 50 ஹெர்ட்ஸில் அந்தக் கழிவு 30 டெசிபல். ஆகவே செயலியில் எண் குறைவாகத் தெரிகிறது என்று வாதாடும் பிள்ளையிடம், அண்டை வீட்டுச் சுவர் அந்தக் கழிவைச் செய்வதில்லை என்று சொல்லலாம். செவிக்கு அதிகக் கேடு செய்வதோ, தாழொலியோடு போட்டியிட ஏற்றப்படும் நடுவொலியும் உச்சவொலியும் ஆகும். பங்கீடு சரியாக இருந்தால் அந்தப் போட்டியும் இராது.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

நம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொற்கள் சிதறிக் கிடக்கின்றன. 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தமிழ்ப்பள்ளிகளிலும் தொடங்கியது. 2012 முதல் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. இடைநிலைப்பள்ளியில் பாடமொழி மாறிவிடுகிறது. ஆகவே 'ஃபிரிகுவென்சி' என்று கடையில் சொல்பவனும் 'ஃபிரெகுவென்சி' என்று மலாயில் எழுதியவனும் 'அதிர்வெண்' என்று தமிழ்ப்பள்ளியில் கேட்டவனும் ஒரே ஆளாக இருந்தும், மூன்றும் ஒன்று என்பது அவன் மனத்தில் பதியாமல் போகிறது. பெயர்ப்பலகைச் சொற்களுக்குத் தமிழ் தேடி நாம் செலவிடும் நேரத்தில் கொஞ்சத்தை, இருக்கும் தமிழ்ச் சொல்லைப் பொருளோடு சேர்த்துவைப்பதில் செலவிடலாம். சப்வூஃபருக்கு நல்ல தமிழ்ச் சொல் வந்தால் மகிழ்ச்சி. அது வரும்வரை அறிவியலைக் காக்க வைக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் செய்து பார்க்கக்கூடிய சில எளிய செயல்கள்: 4.4 மீட்டர் கயிற்றை வகுப்பறைத் தரையில் நீட்டி வைத்து, 'இது 80 ஹெர்ட்ஸின் ஓர் அலை' என்று காட்டலாம். பக்கத்தில் 10 சென்டிமீட்டர் காகிதத் துண்டை வைத்து, 'இது 3,500 ஹெர்ட்ஸ்' என்று சொல்லலாம். ஏன் ஒன்று சுவரைத் தாண்டுகிறது, மற்றொன்று சுவரிலேயே மங்கிவிடுகிறது என்று மாணவர்களே கேட்பார்கள். பழைய ஒலிபெருக்கியின்மேல் ஞெகிழித் தாளை விரித்து அரிசி மணிகளைத் தூவி, தாழ்ந்த ஒலியை விட்டால் மணிகள் துள்ளுவதைக் காணலாம்.

பழைய டுவீட்டர் ஒன்றை வாங்கி அதன் கம்பியைக் காட்டுங்கள். அதில் ஒட்டியிருக்கும் சிறு மின்தேக்கிதான் மிக எளிய ஹை பாஸ். நான்கு ஓம் டுவீட்டருக்கு 3,500 ஹெர்ட்ஸில் எல்லை வைக்க 11 மைக்ரோஃபாரட் அளவுள்ள மின்தேக்கி போதும். அதே நான்கு ஓமுக்கு 80 ஹெர்ட்ஸில் வைக்க ஏறத்தாழ 500 மைக்ரோஃபாரட் வேண்டும். அவ்வளவு பெரிய பொருளைக் கம்பியில் தொங்கவிடுவது வசதிப்படாது என்பதாலேயே தாழொலிக்கான வடிகட்டியை ஆம்ப்ளிஃபயருக்குள் மின்னணுச் சுற்றாக அமைக்கிறார்கள். இந்தக் கணக்கு இடைநிலைப்பள்ளி மாணவனுக்கு எட்டாதது அன்று. அண்ணன் வண்டியில் நேற்றுப் பார்த்த திருகு இன்று பாடத்தில் வருகிறது என்றால் எந்த மாணவனும் கண்மூடி உட்கார்ந்திருக்க மாட்டான்.

திறமைக்குச் சான்று வேண்டும்

இதில் எனக்கு மிகுந்த கவலை தருவது வேறொன்று. கடைகளில் வேலை செய்யும் நம் இளைஞர்களிடம் கைத்திறன் இருக்கிறது. கையில் சான்றிதழ் இல்லை. கடை மூடினால் அவர்களின் பத்தாண்டு அனுபவம் எழுத்தில் எங்கும் இல்லை. சம்பள உயர்வு கேட்கவும் வேறு தொழிற்சாலைக்கு விண்ணப்பிக்கவும் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழ், எஸ்கேஎம் என்று பரவலாக அறியப்படுவது, முதல் நிலை முதல் மூன்றாம் நிலை வரை உண்டு. அதற்குமேல் டிப்ளோமா நிலைகளும் உண்டு. பயிற்சி நிலையத்தில் சேர்ந்து பெறுவது ஒரு வழி. ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர் தம் அனுபவத்தைச் சான்றுகளோடு தொகுத்துக் காட்டி மதிப்பீட்டின்வழிப் பெறும் முறையும் உண்டு. அதைப் பிபிடி என்பார்கள். இந்த இரண்டாவது வழியைப் பற்றி நம் பெற்றோர் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

நம் மாநிலத்திலேயே வாய்ப்புகள் உள்ளன. தாபோ நானிங்கிலும் செலண்டாரிலும் மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. மெர்லிமாவில் பொலிடெக்னிக் உள்ளது. டுரியான் துங்கலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா உள்ளது. 2000-இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 2007-இல் இப்பெயரைப் பெற்றது. தோட்டத்திலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இவற்றுள் ஒன்றை அடையக்கூடிய பிள்ளைகள் பலர் உண்டு. 'இந்தத் திருகைத் திருப்பும் உனக்கு மின்னணுவியல் வரும்' என்று அவர்களிடம் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் ஆசிரியராகவோ பெற்றோராகவோ இருக்க வேண்டாமா?

என் வேண்டுகோள்

பெற்றோருக்கு: பிள்ளை வண்டியில் சப்வூஃபர் வைக்கப் போகிறான் என்று தெரிந்தால், 'எவ்வளவு செலவு?' என்று கேட்பதோடு 'கிராஸோவரை எங்கே வைக்கப் போகிறாய்? ஏன்?' என்றும் கேளுங்கள். பதில் தெரிந்தால் அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வந்து சொல்லுமாறு பணியுங்கள். வீடமைப்புப் பகுதிக்குள் நுழையும்போது ஒலியைக் குறைப்பதைக் கட்டாய விதியாக வையுங்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு: பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்பாடு செய்யும் அறிவியல் விழாவில் எரிமலை மாதிரியும் நீர்ச் சுழற்சிப் படமும் ஆண்டுதோறும் வருகின்றன. அடுத்த முறை ஒரு முன்னாள் மாணவரை அவருடைய மகிழுந்தோடு பள்ளித் திடலுக்கு அழையுங்கள். வடிகட்டியைத் திருப்பித் திருப்பி எந்த ஒலி போகிறது, எந்த ஒலி நிற்கிறது என்பதை அவரே ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்டட்டும். பள்ளி மறந்துவிட்ட ஒருவர் ஒரு நாளாவது பள்ளியில் ஆசிரியராக நிற்பார். கீழ்வகுப்புப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ளாத அளவில் ஒலியை வைக்க வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.